முதல் கரண்டி ரவைக்கஞ்சி

சுவீடனில் கைக்குழந்தைகளுக்குப் படுக்கப்போகும் நேரத்தில் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் கஞ்சி ஒன்று உண்டு. வெல்லிங் என்பார்கள். பால்பொடியும் தானிய மாவும், பெரும்பாலும் கோதுமை, கலந்து தண்ணீராகக் காய்ச்சுவது. அந்த நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையாகக் குடித்து வளர்ந்த கஞ்சி அது. 1980களின் நடுவில் அங்கே விநோதமான ஒன்று நடந்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் வயிறு உப்பி, கைகால் சூம்பி, ஓயாத பேதியோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். பரிசோதனையில் தெரிந்தது செலியாக் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதையும் நோய். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதன் அளவு நான்கு மடங்கானது. பத்தாண்டு காலம் அந்த உயரத்திலேயே நின்றது. 1995க்குப் பிறகு, ஏறிய வேகத்திலேயே சரிந்தது.

செலியாக் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. அது கொள்ளைநோய் போல ஏறி இறங்கியது எப்படி?

உமேயோ பல்கலைக்கழகத்தின் அன்னெலி இவார்சொன் குழுவினர் இந்தப் புதிரைத் துருவினார்கள். 1982இல் சுவீடனின் குழந்தை உணவு வழிகாட்டுதல் மாறியிருந்தது. நான்காம் மாதத்தில் கொடுத்துவந்த கோதுமையை ஆறாம் மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொன்னார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான்: குடல் முதிரட்டும் என்பது. அதே காலத்தில் கடைகளில் விற்ற கஞ்சி மாவுகளில் கோதுமையின் அளவு கூடியது. ஆறாம் மாதத்துக்குள் பல தாய்மார்கள் தாய்ப்பாலை நிறுத்திவிடும் வழக்கமும் இருந்தது. மூன்றும் சேர்ந்ததில், அதுவரை கோதுமையே அறியாத குழந்தைக்கு, தாய்ப்பால் நின்ற பிறகு, ஒரே பாய்ச்சலாகப் புட்டி புட்டியாகக் குளூட்டன் போனது. 1996இல் பரிந்துரையைத் திருத்தினார்கள். நான்காம் மாதத்திலிருந்து, தாய்ப்பால் குடிக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார்கள். கஞ்சி மாவில் கோதுமையும் குறைந்தது. நோயும் குறைந்தது.

தள்ளிப்போடுவதுதான் பத்திரம் என்ற எண்ணம் சுவீடனுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ் வீடுகளிலும் அது வேறு பேரில் இருக்கிறது. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது ஒரு விசேஷம். கோயிலில் வைத்தோ தாய்மாமன் மடியில் வைத்தோ நெய்யும் பருப்பும் பிசைந்த சோறு நாக்கில் படும். அடுத்து கேழ்வரகுக் கூழ், இட்லி, வாழைப்பழம். கோதுமைக்கு அந்த வரிசையில் இடமில்லை. "சூடு, செரிக்காது" என்று பாட்டி தடுப்பார். வீட்டில் ஏற்கெனவே யாருக்காவது சப்பாத்தி ஒத்துக்காது, அல்லது பால் ஒத்துக்காது, அல்லது முட்டை சாப்பிட்டால் தடித்துப்போகும் என்றால் பயம் இரட்டிப்பாகும். ஒரு வயது வரை, இரண்டு வயது வரை, கோதுமையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுவார்கள். முடிவெடுத்த அதே வீட்டில் பார்க்க வந்த உறவினர் பாலில் நனைத்த பிஸ்கட்டை ஊட்டிவிட்டுப் போயிருப்பார். அது வேறு கதை.

இந்தப் பயத்தில் முதல் சிக்கல், "ஒத்துக்காது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் அடைபட்டிருப்பது. மூன்றும் மூன்று வழியில் உடலில் வேலை செய்கின்றன. குழந்தைக்கு அவற்றால் வரக்கூடிய ஆபத்தும் வேறு வேறு.

ஒன்று ஒவ்வாமை. உடலின் காவல் அமைப்பு கோதுமைப் புரதத்தை எதிரியாக எண்ணிப் பாய்வது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கும், தோலில் தடிப்பு எழும்பும், வாந்தி வரும், சில வேளை மூச்சு இரைக்கும். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது விலகிவிடும்.

இரண்டாவது செலியாக். இது நிமிடக் கணக்கில் வருவதல்ல. குளூட்டனின் சில துண்டுகளை நம் செரிமான நீர்களால் முழுதாக அறுக்க முடியாது. 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு குடலில் சிதையாமலே தங்குகிறது என்று 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்னும் மரபணு வகைகள் உள்ளவர்களின் உடலில் அந்தத் துண்டு காவல் அணுக்களைத் தூண்டிவிடலாம். அவை எதிரியோடு சேர்த்துச் சொந்தக் குடலையும் தாக்கும். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகும். வாரங்களில், மாதங்களில், சில வேளை ஆண்டுகள் கழித்து இதன் விளைவு வெளியே தெரியும்: எடை ஏறாது, வயிறு மட்டும் பெருக்கும், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் சோகை தீராது, பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருக்கும். பால் மறந்த பின் தேறாமல் இளைக்கும் பிள்ளையைச் சவலை என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. சவலை விழுவதற்குக் காரணங்கள் பல. எங்கோ சில வீடுகளில் காரணம் இதுவாகவும் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, நோயென்று உறுதிப்படாத அசௌகரியம். சப்பாத்தி தின்றால் வயிறு உப்புசம், பால் குடித்தால் பொருமல். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைவது தென்னிந்தியர் பலருக்கு இயல்பு. அதனால் அப்பாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதது கைக்குழந்தைக்குப் பால் மறுக்கவோ கோதுமை மறுக்கவோ காரணமாகாது. ஆனால் ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. லாக்டோஸைச் செரிக்கும் நொதி சுரப்பது குடல் உறிஞ்சிகளின் நுனியில்தான். செலியாக்கில் முதலில் தேய்வது அந்த நுனி. "எனக்குப் பால்தான் ஆகாது" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவரின் உண்மையான சிக்கல் கோதுமையாக இருந்த கதைகள் மருத்துவர்களுக்குப் பழக்கமானவை.

செலியாக்கில் கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு போரும் ஒரு பஞ்சமும் வேண்டியிருந்தன. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக வர்ணித்தார். குணமாக்கும் வழி ஏதாவது இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்றும் எழுதினார். எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ், செலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ மகிமை என்று உலகமே நம்பியது. அவர் ரொட்டியை விலக்கியிருந்ததுதான் உண்மையான மருந்து என்பது அப்போது யாருக்கும் எட்டவில்லை.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கெ 1930களிலேயே ரொட்டிமேல் சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. ரொட்டி மறைந்தது. மக்கள் டூலிப் பூவின் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஊரே எலும்பும் தோலுமாக ஆன அந்த மாதங்களில், டிக்கெயின் வார்டில் இருந்த செலியாக் குழந்தைகள் தேறினார்கள். பஞ்சத்தின் முடிவில் நிவாரணமாக வெள்ளை ரொட்டி வந்து சேர்ந்தது. அழுதுகொண்டே மக்கள் அதை வாங்கித் தின்றார்கள். அந்தக் குழந்தைகளுக்கோ மறுபடி பேதி தொடங்கியது. டிக்கெ இதைச் சோதனைகளால் உறுதிப்படுத்தி 1950இல் உட்ரெக்ட்டில் ஆய்வேடாகக் கொடுத்தார்.

சுவீடனின் பாடம் வெளிவந்த பிறகு, உலகெங்கும் மருத்துவர்கள் ஒரு விதியை நம்பத் தொடங்கினார்கள்: நான்கு மாதத்துக்கு முன்பும் கூடாது, ஏழு மாதத்துக்குப் பின்பும் கூடாது, இடையில் ஒரு ஜன்னல் திறக்கிறது, அதற்குள் தாய்ப்பாலோடு சேர்த்துக் கோதுமையை அறிமுகப்படுத்தினால் நோய் வராது. அமெரிக்காவின் டென்வரில் நடந்த ஒரு நீண்டகால ஆய்வும் 2005இல் அதையே சொன்னது. அழகான விதிதான். ஆனால் சீட்டுப் போட்டுக் குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதித்தபோது அது நிற்கவில்லை.

2014இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. இரண்டும் சேர்த்துக்கொண்டது, வீட்டில் நெருங்கிய ஒருவருக்குச் செலியாக் இருக்கும் குழந்தைகளை மட்டுமே. ஐரோப்பாவின் பல நாடுகளில் நடந்த முதல் சோதனையில் 944 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை தினம் 100 மில்லிகிராம் குளூட்டன், மற்றப் பிரிவுக்கு வெற்றுப் பொடி. மூன்று வயதில் பார்த்தபோது குளூட்டன் பெற்றவர்களில் 5.9 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 4.5 சதவீதம் பேருக்கும் நோய். புள்ளியியல் கணக்கில் வித்தியாசம் இல்லை. தாய்ப்பால் குடித்த காலமும் முடிவை மாற்றவில்லை. இத்தாலியில் நடந்த இரண்டாவது சோதனையில் ஒரு பிரிவுக்கு ஆறாம் மாதத்தில் கோதுமை, மற்றதற்குப் பன்னிரண்டாம் மாதத்தில். இரண்டு வயதில் முதல் பிரிவில் 12 சதவீதம் பேருக்கு நோய், தாமதித்த பிரிவில் 5. தள்ளிப்போட்டவர்கள் வென்றதாகவே தோன்றியது. ஐந்து வயதில் திரும்பப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 16. தள்ளிப்போட்டது நோயைத் தடுக்கவில்லை, அது வெளிப்படும் நாளைத்தான் நகர்த்தியது. முடிவைத் தீர்மானித்தது மரபணு: பத்து வயதில், ஆபத்து மிகுந்த வகையைக் கொண்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு நோய், மற்றவர்களில் 16.

தாமதத்தால் சில மாதம் கிடைக்கிறதே, அதுவும் லாபம்தானே என்று கேட்கலாம். மூளை வேகமாக வளரும் வயதில் குடல் சிதையாமல் இருப்பது லாபம்தான். செலியாக் உறுதிப்பட்ட வீட்டில் ஆறாம் மாதமா பத்தாம் மாதமா என்பதைப் பெற்றோரும் மருத்துவரும் பேசி முடிவெடுப்பதில் தவறில்லை. ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்களின் சங்கமும் 2016இல் அப்படித்தான் வழிகாட்டியது: நான்கு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், முதல் வாரங்களில் அளவு மட்டும் கூடவேண்டாம்.

அளவு என்ற அந்தச் சொல்லில்தான் சுவீடனின் புதிர் மிச்சமிருக்கிறது. 2019இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, மரபணு ஆபத்து உள்ள 6,605 குழந்தைகளின் தட்டைப் பிறந்ததிலிருந்து கணக்கெடுத்தது. முதல் ஐந்து வயதுக்குள் தினசரி குளூட்டன் ஒரு கிராம் கூடுதலானால் நோயின் வாய்ப்பும் கூடியது. ஒரு கிராம் என்பது அரைத் துண்டு ரொட்டி. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி ரவை. ஆபத்தில்லாத குழந்தைக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. வீட்டில் செலியாக் இருக்கும் குழந்தைக்குக் காலை சேமியா, மதியம் ரஸ்க், மாலை பிஸ்கட், இரவு சப்பாத்தி என்று நாள் முழுதும் கோதுமையாக நிரப்பாமல் இருப்பது நியாயமான எச்சரிக்கை.

சுவீடனுக்கே இன்னொரு முறை போய்வர வேண்டும். பெருக்கம் நடந்த காலத்தில், 1993இல் பிறந்த பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். நூற்றில் ஏறத்தாழ மூன்று பேருக்குச் செலியாக். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. பரிந்துரை மாறிய பின் 1997இல் பிறந்தவர்களில் அது 2.2 சதவீதம். குறைந்தது உண்மை, ஆனால் முன்பு நினைத்த அளவுக்கு இல்லை.

ஒவ்வாமைப் பக்கம் வந்தால் தாமதத்துக்கு எதிரான சாட்சி இன்னும் வலுவானது. லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான் கடுமையாக இருந்த அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 கைக்குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு வேர்க்கடலையைச் சிறு வயதிலேயே தொடர்ந்து கொடுத்தார்கள், மறு பிரிவுக்கு ஐந்து வயதுவரை மறைத்தார்கள். மறைத்த பிரிவில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, கொடுத்த பிரிவில் 3.2 சதவீதம் பேருக்கு மட்டும். கோதுமைக்கு இவ்வளவு திட்டவட்டமான சோதனை இல்லை. டென்வர் ஆய்வில் ஆறு மாதத்துக்குப் பின் தானியத்தைத் தொடங்கியவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை கூடுதலாக இருந்தது, ஆனால் 1,612 பேரில் ஒவ்வாமை வந்தவர்கள் 16 பேர்தான். சிறிய எண்.

2020இல் செலியாக் பக்கம் இன்னொரு வெளிச்சம். அப்போது வெளியான ஒரு சோதனையில், நான்காம் மாதத்திலிருந்தே வாரம் 4 கிராம் கோதுமைப் புரதம் பெற்ற பிரிவில் பரிசோதித்த 488 பேரில் ஒருவருக்கும் செலியாக் இல்லை. வழக்கப்படி ஆறு மாதம் காத்திருந்த 516 பேரில் ஏழு பேருக்கு இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஏழு பேரை வைத்து, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற நம் நாட்டு வழக்கத்தை மாற்றிவிடச் சொல்ல முடியாது. தாய்ப்பாலுக்குக் காரணங்கள் வேறு பல இருக்கின்றன.

தமிழ்நாட்டு வாசகர் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா முதலானோர் 2016இல் வெளியிட்டது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். செலியாக்கின் அடையாளமான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கே 0.10 சதவீதம். மரபணுவில் வித்தியாசமா என்று பார்த்தால் இல்லை: டிக்யூ2 அல்லது டிக்யூ8 வடக்கே 38.1 சதவீதம் பேருக்கு, தெற்கே 36.4. வித்தியாசம் தட்டில் இருந்தது. சராசரியாக வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25. நம்மில் மூன்றில் ஒருவர் விறகை வீட்டில் வைத்திருக்கிறோம், இதுவரை தீக்குச்சி குறைவாக இருந்தது. பரோட்டாவும் கோதுமை தோசையும் அன்றாடமாகிவிட்ட வீடுகளில் இந்த எண் எப்படி நகரும் என்பதைக் குழந்தை மருத்துவர்கள் கவனித்தாக வேண்டும். தெற்கில் இந்த நோய் இல்லை என்ற பழைய நம்பிக்கையால் தேறாத குழந்தைக்குச் சத்து மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இனி அடுப்படி. ஆறு மாதம் முடிந்து சோறு, பருப்பு, கேழ்வரகு பழகியபின், குழந்தை சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கும் ஒரு காலை நேரம் போதும். வறுத்த ரவையைத் தண்ணீரில் குழைய வேகவைத்து ஒரு தேக்கரண்டி. அன்று புதிதாக வேறெதுவும் வேண்டாம். காலை என்பது ஏனென்றால், ஏதாவது நேர்ந்தால் மருத்துவர் எட்டும் தூரத்தில் இருப்பார், குழந்தையும் விழித்திருக்கும். இரண்டு மூன்று நாள் அதே அளவு, பிறகு மெல்லக் கூட்டலாம். ஒத்துக்கொண்டால் விட்டுவிடக் கூடாது. வாரத்தில் சில நாளாவது தட்டில் வந்துகொண்டிருக்க வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தை, வேறு உணவுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை காட்டிய குழந்தை என்றால் முதல் கரண்டிக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தை அடுக்கடுக்காக வாந்தியெடுத்து வெளுத்துத் துவண்டால் அது இன்னொரு வகை ஒவ்வாமை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வகையை, நாம் பரம சாது என்று நினைக்கும் அரிசியும் உண்டாக்கும்.

கோதுமையே கொடுக்கவில்லை என்று சொல்லும் வீடுகளில்கூட அது எங்கெங்கோ நுழைந்திருக்கும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது கோதுமை மாவு கலப்பது வழக்கம். ரசஞ்சாதம் உண்ணும் குழந்தை கோதுமையை ஏற்கெனவே சந்தித்திருக்கும். அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து கொடுக்கும் சத்துமாவில் கோதுமைக்குப் பெரிய பங்கு உண்டு. பார்லி மால்ட் சேர்ந்த பானப் பொடிகளிலும் குளூட்டன் இருக்கிறது. செலியாக் உறுதிப்பட்டவருக்கு இவை ஒவ்வொன்றும் முக்கியம். அவருக்குக் கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, அரிசி என்று பத்திரமான தானியங்களை அடுக்கிவைத்திருக்கும் சமையல் நம்முடையது. இந்த விஷயத்தில் தமிழ் அடுப்படி கொடுத்துவைத்தது.

ஒரு தவறு மட்டும் அடிக்கடி நடக்கிறது, அதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு வயிறு சரியில்லை, யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்துகிறார், நன்றாக இருக்கிறது. குழந்தை பிறந்ததும் "எங்கள் குடும்பத்தில் கோதுமை ஆகாது" என்பது வீட்டுச் சட்டமாகிவிடுகிறது. ஆனால் அவருக்கு இருந்தது செலியாக்கா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் இரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான விடை சொல்லும். நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டால் எதிர்ப்பொருள் வடிந்துபோய், நோய் உள்ளவருக்கும் இல்லையென்றே வரலாம். அப்போது மருத்துவரைக் கேட்டு, குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்ட பிறகு பார்க்க வேண்டியிருக்கும். குழந்தைக்கும் இதே விதிதான்: சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போனால், அவர் கையில் இருந்த விளக்கை நாமே ஊதி அணைத்ததாக ஆகும். உடனடி ஒவ்வாமை என்றால் மட்டும் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்பாவுக்குச் செலியாக் என்று உறுதியானால், குழந்தை கோதுமை பழகி ஓராண்டாவது ஆன பிறகு, மூன்று வயதையொட்டி, நோய் அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு முறை அதே பரிசோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. மரபணுப் பரிசோதனை இன்னும் எளிது. அதற்குக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. டிக்யூ2வும் டிக்யூ8உம் இரண்டுமே இல்லையென்று வந்தால் அந்தக் குழந்தைக்குச் செலியாக் வரும் வாய்ப்பு அநேகமாக இல்லை. செலியாக் உள்ள அண்ணன் தட்டில் கேழ்வரகு அடையும் தம்பி தட்டில் சப்பாத்தியுமாக ஒரே சமையலறை ஓடலாம், கரண்டியும் கல்லும் தனித்தனியாக இருந்தால் போதும்.